பான்ஷீ யாருக்காக அழுகிறாள்?

மதிப்பிற்குரிய ஐயா,

அயர்லாந்தின் நாட்டார் கதைகளைப் பற்றிய தங்கள் கட்டுரையில் பான்ஷீயைக் 'குடும்பத்துக்கு உரியவள்' என்று குறிப்பிட்டிருந்தீர்கள். கணினி விளையாட்டுகளில் நான் கண்ட பான்ஷீயோ அலறியே ஆளைக் கொல்லும் பேய். எது சரி?

அன்புடன்,
க.

அன்புள்ள க.,

விளையாட்டுகளில் வருவது பிற்காலக் கற்பனை. அயர்லாந்துக் கிராமத்தார் சொல்லும் பான்ஷீ யாரையும் கொல்வதில்லை. வரப்போகும் சாவை முன்னரே அறிந்து அழுகிறாள். அதிலும் ஓ'பிரையன், ஓ'நீல் போன்ற பழைய குடிகளின் வழிவந்தவர்களுக்காகத்தான் பெரும்பாலும் அழுவாள். அக்குடியில் பிறந்தவர் அமெரிக்காவில் இறந்தாலும், அழுகை கேட்பது அயர்லாந்தில் உள்ள பூர்வீக வீட்டருகேதான். 1014இல் க்ளான்டார்ஃப் போருக்கு முந்தைய இரவில் மன்னர் பிரையன் போருவிடம் அவரது சாவை அறிவித்ததாகச் சொல்லப்படும் ஈவல், ஓ'பிரையன் குடிக்கு உரிய பான்ஷீயாகவே இன்றும் நினைக்கப்படுகிறாள்.

அவளிடம் அச்சமே இல்லை என்று சொல்லமாட்டேன். வழியில் கிடக்கும் சீப்பை எடுக்கக் கூடாது என்று பெரியவர்கள் பிள்ளைகளை எச்சரிப்பார்கள். அது அவள் தன் நீண்ட கூந்தலை வாரும் சீப்பாக இருக்கலாம். எடுத்துவந்தவனின் வீட்டுச் சன்னலில் அன்றிரவே அழுகுரல் கேட்கும். அடுப்பங்கரை இடுக்கியில் சீப்பைப் பிடித்து வெளியே நீட்டுவார்கள். உள்ளே இழுத்துப் பார்த்தால் இரும்பு இடுக்கி வளைந்து நெளிந்திருக்கும். கையால் நீட்டியிருந்தால் என்னவாகியிருக்கும் என்பதைக் கதை சொல்பவர் கேட்பவரிடமே விட்டுவிடுவார். இங்கேகூட, தன் பொருளைத் திரும்பப் பெற்றதும் அவள் போய்விடுகிறாள் என்பதைக் கவனியுங்கள்.

அவிழ்ந்த கூந்தலும் ஓங்கிய அழுகையும் அயர்லாந்தில் பிணத்தருகே அமர்ந்து இறந்தவரின் குலப்பெருமையைப் பாடி அழுத ஒப்பாரிப் பெண்களின் அடையாளங்கள். 17ஆம் நூற்றாண்டிலேயே கத்தோலிக்க ஆயர் மன்றங்கள் தடைசெய்ய முனைந்தும் அவ்வழக்கம் நெடுங்காலம் நீடித்தது. அப்பெண்களின் சாயலில்தான் பான்ஷீயை அம்மக்கள் கண்டார்கள் என்பது என் உறுதியான எண்ணம். ஆகவேதான், அவளைக் கொலைகாரியாக்கும் சித்திரிப்பு அம்மக்களின் துக்கத்தையே கொச்சைப்படுத்துவதாக எனக்குப் படுகிறது.

1937 முதல் 1939 வரை அயர்லாந்துப் பள்ளிப் பிள்ளைகள் தம் ஊர்ப் பெரியவர்களிடம் கேட்டெழுதிய குறிப்பேடுகள் இன்று இணையத்தில் கிடைக்கின்றன. அவற்றில் பான்ஷீயைப் பற்றிய பக்கங்களிலிருந்து வாசிக்கத் தொடங்குங்கள்.