3 இஞ்ச் உயர்த்திய ஜீப் ராங்ளரில் ஸ்டீயரிங் உதறல்

நண்பரே, ராங்ளர் ஜேகே மாடலின் சஸ்பென்ஷனை 3 இஞ்ச் உயர்த்தியபின் 80 கிமீ வேகத்தில் ஒரு பள்ளத்தில் விழுந்தால் ஸ்டீயரிங் பயங்கரமாக உதறுகிறது, வேகத்தை நன்றாகக் குறைத்தால்தான் நிற்கிறது என்கிறீர்கள். புது ஸ்டீயரிங் டேம்பர் (ஸ்டீயரிங் அதிர்வை அடக்கும் ஷாக் அப்சார்பர்) வாங்காதீர்கள். அது கோளாறை மறைக்குமே தவிரத் தீர்க்காது.

முதல் சந்தேகம் முன் டிராக் பார், அதாவது முன் ஆக்சில் பக்கவாட்டில் நகராமல் அதை வண்டியின் சட்டத்தோடு பிடித்திருக்கும் கம்பி. டயர்கள் தரையில் இருக்க, இன்ஜினை ஓடவிட்டு, ஒருவரை ஸ்டீயரிங்கை இடமும் வலமும் விடாமல் திருப்பச் சொல்லி, பாரின் இரு முனைகளையும் உற்றுப் பாருங்கள். போல்ட் துளிகூட அசையக் கூடாது. அசைந்தால், துளை நீள்வட்டமாகத் தேய்ந்திருக்கிறதா என்று போல்ட்டைக் கழற்றிப் பாருங்கள். தேய்ந்திருந்தால் எவ்வளவு இறுக்கினாலும் பயனில்லை, அந்தத் துளை உள்ள பிராக்கெட்டில் (பாரைத் தாங்கும் இரும்புப் பிடிப்பு) தடித்த வாஷர் வெல்டு செய்தாக வேண்டும். போல்ட்டின் இறுக்கம் 169 நியூட்டன் மீட்டர். எடை முழுதும் டயரில் நிற்கும்போது இறுக்குங்கள். ஆக்சிலைத் தொங்கவிட்டு இறுக்கினால் பாரின் முனையிலுள்ள ரப்பர் புஷ் முறுக்கிக்கொண்டு சீக்கிரம் கிழியும்.

பிறகு டை ராட் (இரு முன் சக்கரங்களையும் இணைக்கும் கம்பி) முனைகளிலும், பால் ஜாயின்ட்டிலும் (சக்கரம் திரும்ப உதவும் உருண்டை மூட்டு) ஆட்டம் இருக்கிறதா என்று பாருங்கள். பால் ஜாயின்ட்டுக்கு மட்டும் ஜாக்கி வைத்து, டயருக்கு அடியில் கடப்பாரை கொடுத்து நெம்பிப் பாருங்கள்.

எதிலும் ஆட்டமில்லையென்றால் சக்கர அலைன்மென்ட் ரிப்போர்ட்டை இங்கே போடுங்கள். உயர்த்தினால் காஸ்டர் (பக்கவாட்டில் பார்க்கும்போது சக்கரம் திரும்பும் அச்சு பின்னோக்கிச் சாய்ந்திருக்கும் கோணம்) குறையும். 4 டிகிரிக்குக் கீழே இருந்தால் நீளம் மாற்றக்கூடிய கீழ் கன்ட்ரோல் ஆர்ம் (ஆக்சிலைச் சட்டத்தோடு இணைக்கும் கீழ்க் கை) தேவை. சரியாகும்வரை தயவுசெய்து நெடுஞ்சாலையில் ஓட்டாதீர்கள்.