ஃபிரிட்ஜில் வைக்கும் உடனடி காய்கறி ஊறுகாயை வீட்டில் எப்படிப் போடுவது? வெளியே வைத்தால் எத்தனை நாள் தாங்கும்?

இரண்டாவது கேள்விக்கு முதலில் சொல்லிவிடுகிறேன்: வெளியே வைக்கவே வேண்டாம். எங்கள் கன்னியாகுமரி மாவட்டத்து வீடுகளில் மாங்காயும் நெல்லிக்காயும் உப்பிலிட்டு வைப்பது பழக்கம். அதைக் கெடாமல் காப்பது உப்பு. இந்த ஊறுகாயில் உப்பு குறைவு; வினிகரின் புளிப்பும் ஃபிரிட்ஜின் குளிரும் சேர்ந்துதான் காக்கின்றன. இரண்டில் ஒன்று குறைந்தாலும் கெட்டுப்போகும்.

தென்மேற்கு, வடகிழக்கு என இரண்டு பருவமழையும் பெய்கிற ஊர் இது. ஜூன், ஜூலையில் எதையும் மாடியில் காயப்போட்டுவிட்டு நிம்மதியாக இருக்க முடியாது. வெயிலே தேவைப்படாத இந்த முறை எனக்குப் பிடித்துப்போனதற்கு அதுதான் முதல் காரணம்.

அரைக் கிலோ காய்க்கு ஒரு கப் வினிகர், ஒரு கப் தண்ணீர், ஒரு மேசைக்கரண்டி கல்லுப்பு, அதே அளவு சீனி. இது 5 சதவீத வினிகருக்கான கணக்கு. நம் கடைகளில் பெரும்பாலும் கிடைப்பது 4 சதவீதம்தான், லேபிளைப் பாருங்கள். அப்படியானால் வினிகரை ஒன்றேகால் கப்பாகக் கூட்டி, தண்ணீரை முக்கால் கப்பாகக் குறைத்துவிடுங்கள். புளிப்பு அதிகமாகத் தெரிந்தால் சீனியைக் கூட்டலாம், வினிகரைக் குறைக்கக் கூடாது. எல்லாவற்றையும் எவர்சில்வர் பாத்திரத்தில் கொதிக்க வையுங்கள். அலுமினியம் வேண்டாம், புளிப்பு அதை அரிக்கும்.

கேரட், பீன்ஸ் போன்ற கெட்டியான காய்களைக் கொதிநீரில் ஒரு நிமிடம் போட்டு எடுத்தால் சீக்கிரம் ஊறும். வெள்ளரிக்காய்க்கும் உள்ளிக்கும் (வெங்காயம்) அது தேவையில்லை. சுத்தமான, ஈரமில்லாத கண்ணாடிப் பாட்டிலில் காயை அடுக்கி, கொஞ்சம் நல்லமிளகும் (குருமிளகு) போட்டு, காய் முழுவதும் முங்கும்படி சூடான வினிகர் தண்ணீரை ஊற்றுங்கள். பாட்டிலை வெந்நீரில் கழுவித் துடைத்து, வெதுவெதுப்பாக இருக்கும்போதே ஊற்றினால் விரிசல் விடாது. ஆறியதும் நேரே ஃபிரிட்ஜுக்குள்.

என் வீட்டில் அதிகம் செலவாவது சின்ன உள்ளியும் காந்தாரி மிளகாயும் (காரமான குட்டி மிளகாய்) போட்டதுதான். காந்தாரியைக் காம்போடு போட்டாலும் ஒவ்வொன்றிலும் ஊசியால் ஒரு துளை போடுங்கள். இல்லாவிட்டால் வினிகர் உள்ளே போகாது, மிளகாய் மேலேயே மிதக்கும். இரண்டு துண்டு பீட்ரூட் சேர்த்தால் மறுநாள் உள்ளி முழுக்க ரோஸ் நிறத்தில் இருக்கும். அவித்த மரச்சீனிக் கிழங்குக்கும் (மரவள்ளி) வறுத்த மீனுக்கும் இதைவிடப் பொருத்தமான துணை எனக்குத் தெரியாது.

நறுக்கிய உள்ளியை அன்றைக்கே சாப்பிடலாம். முழு உள்ளிக்கும் கேரட்டுக்கும் இரண்டு நாள் கொடுங்கள். மொத்தத்தில் இரண்டு, மூன்று வாரத்துக்குள் தீர்த்துவிடுவது நல்லது. பூடு (வெள்ளைப்பூண்டு) போட்டால் சில நேரம் நீலமாகவோ பச்சையாகவோ மாறும். அதில் இருக்கும் கந்தகச் சேர்மங்கள் புளிப்போடு வினைபுரிவதுதான் அது, பயமில்லாமல் சாப்பிடலாம். ஆனால் காய் வழவழப்பானாலோ, பூஞ்சை தெரிந்தாலோ, வாடை மாறினாலோ யோசிக்காமல் கொட்டிவிடுங்கள்.

அப்புறம், காய் தீர்ந்தபின் மிஞ்சும் தண்ணீரில் மறுபடி காய் போடாதீர்கள். முதலில் போட்ட காய் விட்ட நீரால் அதன் புளிப்பு ஏற்கெனவே குறைந்திருக்கும். வெள்ளரி, தக்காளி சாலட்டில் இரண்டு ஸ்பூன் ஊற்றிக்கொள்ளலாம்.