முழுநேரமாகப் பரதம் படிக்கும் பெண் ஊர்ப் போட்டியில் ஆடலாமா?

கோத்தகிரி பக்கத்திலிருந்து ஒரு அம்மா கேட்டிருக்கிறார். மகளுக்கு 19 வயது, சென்னையில் ஒரு நடனக் கல்லூரியில் நான்கு ஆண்டு பரதநாட்டிய டிப்ளமோவில் இரண்டாம் ஆண்டை முடிக்கிறாள். மே மாத லீவுக்கு ஊருக்கு வருகிறாள். அதே நேரத்தில் சீசனை ஒட்டி உள்ளூர் மன்றம் ஒன்று நடனப் போட்டி வைக்கிறது. நோட்டீஸில் ‘அமெச்சூர் கலைஞர்களுக்கு மட்டும்’ என்று இருக்கிறதே தவிர, யார் அமெச்சூர் என்று எங்கும் சொல்லவில்லை. “அவள் இன்னும் ஆடி ஒரு ரூபாய்கூட வாங்கியதில்லை, அப்போ அவளும் அமெச்சூர்தானே, பேர் கொடுக்கலாமா? ஜெயித்தால், டான்ஸ் படிச்சு என்ன ஆகப்போகுதுன்னு கேட்கிற சொந்தக்காரங்க வாயாவது அடையும்” என்கிறார். மகளோட பழைய டான்ஸ் கிளாஸ் பிள்ளைகளும் அதே சீனியர் பிரிவில்தான் ஆடுகிறார்களாம்.

விதி தடுக்காது போலத்தான் தெரிகிறது. ஆனாலும் அந்தப் பிரிவில் வேண்டாம் என்பதுதான் என் பதில்.

காசு வாங்கினாளா இல்லையா என்பது இங்கே பெரிய விஷயமே இல்லை. உங்கள் பெண் தினமும் காலையில் ஆரம்பித்து அடிப்படை அசைவுகளான அடவு, முழு நடனங்களான உருப்படி, பாட்டு, தாளம் தட்டிச் சொற்கட்டு சொல்லும் நட்டுவாங்கம், தியரி என்று நாள் முழுக்க இதிலேயே இருக்கிறாள். எதிரில் ஆடப்போகிற பெண் பிளஸ் டூ படித்துக்கொண்டு, டியூஷனுக்கும் டியூஷனுக்கும் நடுவில் வாரம் இரண்டு நாள் கிளாஸ் போய், மழை நாளில் பஸ் வராமல் அதையும் விட்டுவிட்டு, கிடைத்த நேரத்தில் ஒரு கீர்த்தனம் தயார் செய்தவள். முட்டியைப் பக்கவாட்டில் மடக்கிப் பாதி உட்கார்ந்து ஆடுகிற அரைமண்டியின் ஆழத்தைப் பார்த்தாலே யார் யாரென்று முதல் வரிசையில் இருக்கிறவர்களுக்குத் தெரிந்துவிடும். நடுவர் மேஜையில் உட்கார்ந்து பார்த்தவள் என்ற முறையில் சொல்கிறேன், அப்படி ஒரு பெண் மேடை ஏறினால் அந்தப் பிரிவு அங்கேயே முடிந்துபோகும். மார்க் போடுகிற எங்களுக்கே என்ன செய்வதென்று தெரியாது, கீழே பெற்றோர்களிடம் முணுமுணுப்பு வேறு.

இது நம் ஊர்ப் பிரச்சினை மட்டும் இல்லை. பிரிட்டனில் ஊருக்கு ஊர் நடக்கும் அமெச்சூர் நடன விழாக்களிலும் இதே வாக்குவாதம் உண்டு. முழுநேர நடனப் பள்ளி மாணவர்களைச் சேர்ப்பதா வேண்டாமா, சேர்த்தால் தனிப் பிரிவா என்று சில விழாக்கள் விதியிலேயே எழுதிவிடுகின்றன. முழுநேர மாணவர்களுக்கென்றே அமைந்த போட்டிகளும் இருக்கின்றன. சுவிட்சர்லாந்தின் லோசான் நகரில் 1973 முதல் நடக்கும் பாலே போட்டி 15 முதல் 18 வயதுக்காரர்களுக்கானது, எந்தக் குழுவிலும் வேலைக்குச் சேராதவர்களாக இருக்க வேண்டும். மேடையில் ஆடுவதை மட்டும் பார்ப்பதில்லை, வகுப்பில் எப்படிப் பயிற்சி செய்கிறார்கள் என்பதையும் நடுவர்கள் பார்க்கிறார்கள், ஜெயித்தவர்களுக்கு மேற்கொண்டு பயிற்சி பெற உதவித்தொகை. உங்கள் பெண்ணும் ஆட வேண்டியது சமமானவர்கள் இருக்கிற இடத்தில்தான்.

எல்லாரும் நியாயம் அநியாயத்தை மட்டுமே பேசுகிறார்கள். எனக்கு அதைவிட உங்கள் பெண்ணின் ஆட்டத்தைப் பற்றித்தான் கவலை. ஊர் கிளாஸில் பத்து வருஷம் கற்றுக்கொண்டு போகிற பெண்ணுக்கு முழுநேரக் கல்லூரியில் முதல் இரண்டு வருஷமும் பெரும்பாலும் பழையதைக் கலைத்துப்போட்டுத் திரும்ப அடுக்குகிற வேலைதான். முதல் பாடமான தட்டடவிலிருந்து மறுபடி ஆரம்பிப்பார்கள். முழங்கை தொங்குகிறது, இடுப்பு அசைகிறது, முட்டி பக்கவாட்டில் திறக்கவில்லை என்று தினமும் திருத்துவார்கள். இரண்டாம் வருஷக் கடைசியில் பழைய உடம்பும் இல்லாமல் புதிய உடம்பும் முழுசாக வராமல் பிள்ளைகள் தடுமாறுவதைப் பார்க்கலாம், அதில் தப்பொன்றும் இல்லை. கவாத்து வெட்டிய தேயிலைத் தோட்டத்தில் அடுத்த வாரமே யாராவது பச்சை இலை எடுக்கப் போவோமா?

இந்த நேரத்தில் போட்டி என்றால் என்ன ஆகும்? கொடுப்பதே ஐந்து நிமிஷம், மிஞ்சினால் எட்டு. முழுசாக ஆடினால் அரைமணிக்கு மேல் போகும் வர்ணத்தை அதற்குள் அடக்க முடியாது. அதனால் கைவசம் இருக்கிற பழைய கௌத்துவத்தையோ தில்லானாவையோ தூசி தட்டுவாள், பழைய பாணியிலேயே, பழைய ரெக்கார்டிங்குக்கே. உடம்பு மறந்துகொண்டிருந்த பழக்கமெல்லாம் பத்து நாள் ரிகர்சலில் திரும்பி வரும். கைதட்டலுக்காக வேகத்தைக் கூட்டுவாள், அரைமண்டி மேலே ஏறும், சிரிப்பு ஒட்டவைத்ததாக மாறும். ஜூனில் கல்லூரிக்குத் திரும்பினதும் டீச்சர் முதல் நாளே கண்டுபிடித்துவிடுவார்.

இன்னொன்று, விண்ணப்பத்தில் ‘குருவின் பெயர்’ என்று ஒரு கட்டம் இருக்குமே, அதில் யார் பேரை எழுதுவாள்? கல்லூரி ஆசிரியர் பேரை எழுதினால் பழைய டீச்சர் மனசு கஷ்டப்படும், பழைய டீச்சர் பேரை எழுதிவிட்டு அவருடைய இப்போதைய பிள்ளைகளையே தோற்கடித்தால் அது இன்னும் மோசம். வெளியில் மேடை ஏறக் கல்லூரியின் அனுமதி தேவைப்படலாம், லீவில்கூட. கேட்காமல் ஆடி, போட்டோ வாட்ஸ்அப்பில் சுற்றி, பிறகு விளக்கம் கொடுக்கிற நிலைமை வேண்டாமே.

சொந்தக்காரர்கள் விஷயம் எனக்குப் புரிகிறது, சின்ன விஷயம் என்று தள்ளவும் மாட்டேன். எங்கள் பக்கம் கல்யாணம், திருவிழா என்றால் பாட்டிகூட வட்டத்தில் இறங்கி ஆடுவார், அதனால் ஆட்டத்தைக் காலேஜில் போய்ப் படிப்பது பலருக்கு விளங்குவதே இல்லை. ஆனால் கப்பு ஜெயித்தால் “காலேஜ்ல படிக்கிற பொண்ணு, ஜெயிக்காமலா இருக்கும்” என்பார்கள். தப்பித்தவறி இரண்டாம் பரிசு வந்துவிட்டால்? அதை நான் சொல்ல வேண்டியதில்லை. பரிசு விஷயத்தில் பெரியவர்கள் இறங்கினால் எங்கே போய் நிற்கும் என்பதற்குக் கூடலூரைத் தாண்டினால் கேரளமே சாட்சி. அங்கே 1957இல் தொடங்கிய பள்ளிக் கலோத்சவம் அருமையான விழா, ஆனால் பெற்றோர் போட்டி முற்றி, அப்பீல், கோர்ட்டு கேஸ் என்று போய், அதிகப் புள்ளி எடுத்தவர்களுக்குக் கொடுத்த கலாதிலகம், கலாபிரதிபா பட்டங்களையே பிற்பாடு நிறுத்திவிட்டார்கள்.

அதனால் மன்றத்துக்காரர்களுக்கு ஒரு போன் போடுங்கள். அவள் முழுநேரம் படிக்கிறாள் என்பதை முதலிலேயே சொல்லிவிட்டு, பொதுப் பிரிவு இருக்கிறதா என்று கேளுங்கள். வெளியூர்க்காரர்கள், கல்லூரி மாணவர்கள் எல்லாரும் வருகிற திறந்த பிரிவு என்றால் கல்லூரி அனுமதியோடு தாராளமாக ஆடட்டும், புதிதாகக் கற்ற உருப்படியை. இல்லையென்றால், நடுவர்கள் மார்க் கூட்டுகிற நேரத்தில் போட்டிக்கு வெளியே ஒரு இருபது நிமிஷம் ஆட வாய்ப்புக் கேளுங்கள். அந்த இடைவெளியை நிரப்ப ஆள் கிடைக்காமல் அமைப்பாளர்கள் திண்டாடுவது எனக்குத் தெரியும். அலாரிப்பும் ஒரு ஜதிஸ்வரமும் சுத்தமாக ஆடினால் போதும், படிப்பு என்ன செய்திருக்கிறது என்று சொந்தக்காரர்கள் கண்ணாலேயே பார்ப்பார்கள்.

போட்டிதான் வேண்டுமென்றால் அவள் வயதுக்கு வேறு வழிகள் உண்டு. கலை பண்பாட்டுத் துறை மாவட்ட அளவில் 17 முதல் 35 வயதுக்காரர்களுக்கு நடத்தும் கலைப் போட்டிகளில் பரதநாட்டியமும் இருக்கிறது. மத்திய கலாச்சார அமைச்சகம் 18 முதல் 25 வயது இளம் கலைஞர்களுக்கு இரண்டு ஆண்டுகள், மாதம் 5,000 ரூபாய் உதவித்தொகை தருகிறது. இந்த லீவில் அதன் விதிமுறைகளைப் படித்து, அவளுக்குப் பொருந்துமா என்று கல்லூரியிலும் கேட்டுவைப்பது அந்தக் கோப்பையைவிட உருப்படியான வேலை.

எந்த மேடையாக இருந்தாலும், வந்திறங்கிய மறுநாளே ஆட விடாதீர்கள். ஊட்டி உயரத்தில் காற்றழுத்தம் கடற்கரையில் இருப்பதில் ஏறக்குறைய முக்கால்வாசிதான், சென்னையில் மூச்சு வாங்காத ஜதி இங்கே வாங்கும். இரண்டு மூன்று நாள் போகட்டும். மே மாத மழையில் நனைந்த சிமெண்ட் மேடை என்றால் பலகை போடச் சொல்லுங்கள், குளிர்ந்த சிமெண்டில் தட்டினால் முன்னங்கால் எலும்பும் குதிகாலும் வாரக்கணக்கில் வலிக்கும். மேக்கப்புக்கு அப்புறம் குறைந்தது இருபது நிமிஷம் உடம்பைச் சூடுபடுத்தட்டும், சலங்கை கட்டும்வரை சாக்ஸைக் கழற்ற வேண்டாம்.