நீலம் தெரிந்ததும் கெட்டிமேளம்: மாநாட்டுத் தொடக்க விழா கேள்வி பதில்

புதுச்சேரியில் நடக்கவிருக்கும் அறிவியல் ஆசிரியர் மாநாட்டை நாகசுரம், தவிலோடும் வேதியியல் செய்முறைகளோடும் தொடங்குகிறோம். செய்முறை மேடைக்கு நான் பொறுப்பு. வந்த கேள்விகளும் பதில்களும் கீழே.

வில்லியனூர் ஆசிரியை: மேளத்தோடு சேர்த்துச் செய்ய எது ஏற்றது, சார்?

அயோடின் கடிகார வினை. 1886-இல் லாண்டோல்ட் என்ற வேதியியலாளர் கண்டது. பொட்டாசியம் அயோடேட் கரைசலையும், ஸ்டார்ச் கலந்த சோடியம் பைசல்பைட் கரைசலையும் ஒன்றாக ஊற்றுங்கள். கொஞ்ச நேரம் தண்ணீர் மாதிரியே நிற்கும். உண்டாகிற அயோடினைப் பைசல்பைட் உடனுக்குடன் விழுங்கிவிடும். பைசல்பைட் தீர்ந்த நொடியில் மிஞ்சும் அயோடின் ஸ்டார்ச்சோடு சேர, குடுவை முழுக்கக் கருநீலம். அந்த நொடியில் கெட்டிமேளம் விழ வேண்டும்.

தண்ணீர் சேர்த்தால் தாமதமாகும், சூடு கூடினால் முந்தும். ஏசி ஆய்வகத்தில் நேரம் பார்த்துவிட்டு வெக்கையான மண்டபத்தில் செய்யாதீர்கள். ஒத்திகை அதே மண்டபத்தில், அதே வேளையில் நடக்கட்டும். பைசல்பைட் கரைசல் காற்றுப்பட்டால் கெடும். அன்று காலையில் கரைத்தால் போதும்.

நெல்லிக்குப்பம்: மெத்தனால் ஊற்றி வானவில் சுடர் காட்டலாமா?

கூடவே கூடாது. மெத்தனால் எளிதில் தீப்பற்றும் ஆல்கஹால், அதன் சுடர் வெளிச்சத்தில் கண்ணுக்குச் சரியாகத் தெரியாது. அணைந்ததாக நினைத்து மறுபடி ஊற்றுவார்கள். தீ பாட்டிலுக்குள் ஏறி முன்வரிசைமேல் பீறிடும். அங்கே உட்கார்ந்திருப்பவர்கள் பிள்ளைகள். அமெரிக்க வேதியியல் கழகம் 2014-லேயே இதை நிறுத்தச் சொல்லிவிட்டது. உப்புக் கரைசலில் ஊறிய மரக்குச்சியைப் பன்சன் சுடரில் காட்டுங்கள். தாமிர உப்பு பச்சை, ஸ்ட்ரான்ஷியம் சிவப்பு.

பண்ருட்டி: யானைப் பற்பசை?

நுரை பொங்கி வழியும் அந்தச் செய்முறையைச் செய்யலாம். மருந்துக்கடை 6 சதவீத ஹைட்ரஜன் பெராக்சைடு, ஈஸ்ட், சோப்பு. 30 சதவீதத்தைத் தொடாதீர்கள், தோலைப் பொசுக்கிவிடும்.

முதலியார்பேட்டை: நேரடி மேளம் எதற்கு? ரெக்கார்டு போட்டால் செலவும் மிச்சம், நேரமும் துல்லியம்.

ரெக்கார்டு துல்லியமாக இருக்கும், வினை இருக்காதே! எவ்வளவு அளந்தாலும் சில நொடி முன்னே பின்னே ஆகும். பாட்டு முடிந்தபின் குடுவை நீலமானால் சபை சிரிக்கும். தவில்காரர் குடுவையைப் பார்த்து வாசிப்பார். தாலி ஏறும் நொடிக்குக் கெட்டிமேளம் கொட்டுகிறவருக்கு இது புதிதா?

முதலியார்பேட்டை மறுபடியும்: அந்தச் சத்தத்தில் விளக்கம் யார் காதில் விழும்?

நடக்கும்போது விளக்கவே வேண்டாம். முதலில் பார்க்கட்டும். மேளம் நின்றதும் "ஏன் திடீரென்று?" என்று பிள்ளைகளே கேட்பார்கள். அப்போது மைக்கைப் பிடியுங்கள்.

சிதம்பரம்: ஐயா, தவிலைவிட மிருதங்கம் சபைக்கு ஏற்றதல்லவா?

கெட்டிமேளத்துக்குத் தவில்தான். ஆனால் மிருதங்கத்தை அடுத்த நிகழ்ச்சியாக வையுங்கள், அதற்குள் ஒரு இயற்பியல் பாடமே இருக்கிறது. சாதாரணத் தோல் கருவியைத் தட்டினால் அடிச்சுரத்தோடு எழும் மேல்சுரங்கள் ஒன்றோடொன்று ஒத்துப்போகாது. வலந்தலையில், அதாவது வலப்பக்கத் தோலில், பூசிய கறுப்புக் கரணை அவற்றை ஒத்திசைய வைக்கிறது. சி.வி. ராமன் இதை 1920-இல் 'நேச்சர்' இதழில் எழுதினார். மிருதங்கக்காரரையே வலந்தலையில் விரல் வைத்து வெவ்வேறு சுரங்களை எழுப்பிக் காட்டச் சொல்லுங்கள்.

அரியாங்குப்பம்: மெத்தனால் வேண்டாம் என்றால் கொஞ்சமாக ஸ்பிரிட்?

நெல்லிக்குப்பத்துக்குச் சொன்னதேதான். பாட்டிலிலிருந்து தீயருகே எந்த ஆல்கஹாலும் ஊற்றக்கூடாது.

குறிஞ்சிப்பாடி: டைக்ரோமேட் எரிமலை?

வேண்டாம். அதிலுள்ள குரோமியம் புற்றுநோய் தரும், தூள் அரங்கமெங்கும் பறக்கும்.

திருப்பாதிரிப்புலியூர்: சுடர் இல்லாவிட்டால் களை கட்டுமா? கொஞ்சம் மெத்தனால்...

கூடாது. மேலே நெல்லிக்குப்பத்துக்குச் சொன்னதைப் படியுங்கள்.

லாஸ்பேட்டை: மேளக்காரர்களுக்கு எவ்வளவு கொடுப்பது?

பொருளாளரைக் கேளுங்கள்.

நெய்வேலி: நீலமான கரைசலை என்ன செய்வது?

ஹைப்போ (சோடியம் தயோசல்பேட்) கரைசலைச் சேர்த்துக் கலக்குங்கள், நிறம் போய்விடும். பிறகு நிறையத் தண்ணீர் விட்டுக் கொட்டலாம். இதையும் மேடையிலேயே செய்யுங்கள், பிள்ளைகள் இன்னொரு முறை கைதட்டுவார்கள்.