அறிவியல் தெரியாத அம்மா ரிவிஷனுக்கு எப்படி உதவுவது?

கேள்வி: என் மகள் பத்தாம் வகுப்பு, தமிழ் வழி. உயிரியலை நன்றாக எழுதிவிடுகிறாள். இயற்பியலும் வேதியியலும்தான் காலை வாருகின்றன. கேட்டால், "எல்லாம் படிச்சாச்சும்மா" என்கிறாள். ஆனால் அரையாண்டுத் தேர்வில் கணக்குகளைத் தொடாமலே வந்திருக்கிறாள். பொதுத்தேர்வுக்கு இன்னும் ஆறு வாரம்தான். நான் எட்டாவதோடு நின்றவள். என்னால் என்ன செய்ய முடியும்?

பதில்: நிறையவே முடியும். உங்கள் மகள் படித்தது உண்மைதான். புத்தகத்தைத் திறந்து வைத்து நாலு முறை வாசித்தால் ஒவ்வொரு வரியும் தெரிந்த முகமாகத் தோன்றும். ஆனால் முகம் தெரிந்தாலும் பேர் ஞாபகத்துக்கு வராமல் திணறுவோம் இல்லையா? தேர்வில் கேட்பது அந்தப் பேரைத்தான். அதனால் இனி வாசிப்பதைக் குறைத்து, புத்தகத்தை மூடிவிட்டு எழுதிப் பார்க்கட்டும்.

உங்கள் வேலை இங்கேதான். புத்தகத்தை நீங்கள் வாங்கிக்கொண்டு, "ஓம் விதியைச் சொல்லு" என்று கேளுங்கள். அவள் சொல்லச் சொல்ல வரியில் விரலை வைத்துப் பாருங்கள். 'மாறா வெப்பநிலையில்' என்ற முதல் சொற்களை விட்டுவிட்டாளா? பல பிள்ளைகள் விடுவது அதைத்தான், மதிப்பெண் போவதும் அங்கேதான். இதைக் கண்டுபிடிக்க எழுதப் படிக்கத் தெரிந்தால் போதும். தினமும் சமையலுக்கு நடுவே 15 நிமிடம் இப்படிக் கேளுங்கள்.

அடுத்து கணக்கு. புத்தகத்தில் இயற்பியலுக்கு 6 பாடம், வேதியியலுக்கு 5 பாடம். எல்லாவற்றையும் முதலிலிருந்து தொடங்கினால் நேரம் போதாது. ஒளியியல், மின்னோட்டவியல், அணுக்களும் மூலக்கூறுகளும், கரைசல்கள், இந்த நான்கிலிருந்து ஆரம்பிக்கட்டும். ஒரு நாளைக்கு மூன்று கணக்கு போதும். மூன்றும் வேறு வேறு பாடத்திலிருந்து இருக்க வேண்டும். ஒரே பாடத்தில் பத்துக் கணக்கு போட்டால் எந்தச் சூத்திரம் என்று யோசிக்கவே வேண்டியிருக்காது, கை தானாகப் போய்விடும். தேர்வில் அந்த வசதி கிடையாது.

தவறு எங்கே நடக்கிறது என்று ஒரு கணக்கை வைத்துக் காட்டுகிறேன். 3 ஓம், 6 ஓம் மின்தடைகள் பக்க இணைப்பில், 6 வோல்ட் மின்கலத்தோடு இருக்கின்றன. 1/3 உடன் 1/6-ஐக் கூட்டினால் 1/2. இங்கேயே நிறுத்தி "தொகுபயன் மின்தடை 1/2 ஓம்" (இரண்டும் சேர்ந்த மொத்த மின்தடை) என்று எழுதிவிடுவார்கள். 1/2 என்பது தலைகீழ் மதிப்பு. திருப்பினால்தான் விடை, அதாவது 2 ஓம். சரிபார்க்க ஒரு வழி இருக்கிறது. 3 ஓமில் 2 ஆம்பியர், 6 ஓமில் 1 ஆம்பியர், மொத்தம் 3 ஆம்பியர் மின்னோட்டம். 6-ஐ 2-ஆல் வகுத்தாலும் அதே 3. அரை ஓம் என்றால் 12 ஆம்பியர் வந்து, தப்பைக் காட்டிக்கொடுத்துவிடும்.

பிஹெச் கணக்கும், அதாவது கரைசல் அமிலமா காரமா என்று காட்டும் எண்ணைக் கண்டுபிடிப்பதும், இப்படித்தான். 0.001 மோலார் சோடியம் ஹைட்ராக்சைடு கரைசலுக்கு அவசரத்தில் 3 என்று எழுதுவார்கள். அது காரம், 7-க்கு மேல் இருந்தாக வேண்டும். 3 என்பது பிஓஹெச், அதாவது ஹைட்ராக்சைடு அயனியை வைத்து வரும் எண். 14-இலிருந்து கழித்தால் 11. விடை வந்ததும் "இது நியாயமா?" என்று ஒரு தடவை கேட்டுக்கொள்ளும் பழக்கத்தை நான் எந்தச் சூத்திரத்துக்கும் மேலாக மதிக்கிறேன்.

40 பக்க நோட்டு ஒன்று வாங்கிக் கொடுங்கள். தப்பாகப் போன கணக்குகள் மட்டும் அதில், காரணத்தோடு: 'சென்டிமீட்டரை மீட்டராக்கவில்லை', 'நிமிடத்தை வினாடியாக்கவில்லை', 'குழிலென்சுக்குக் குறைக்குறி போடவில்லை'. இரண்டு வாரத்தில் ஒரே தப்பு திரும்பத் திரும்ப வருவது அவள் கண்ணுக்கே தெரியும். கடைசி நாளில் கைடைப் புரட்டுவதைவிட இந்த நோட்டைப் பார்ப்பது நல்லது.

வினாத்தாள் அமைப்பும் அவளுக்குப் பழகியிருக்க வேண்டும். எழுத்துத் தேர்வு 75 மதிப்பெண். ஒரு மதிப்பெண் 12, இரண்டு மதிப்பெண்ணில் 7, நான்கு மதிப்பெண்ணில் 7, ஏழு மதிப்பெண்ணில் 3. இரண்டிலும் நான்கிலும் ஒவ்வொரு கட்டாய வினா உண்டு. அது கணக்காக வருவதுண்டு. கணக்கை முழுதாக ஒதுக்கினால் அந்த இடத்தில் வேறு கேள்விக்குத் தாவ வழியில்லை. விடை வராவிட்டாலும் கொடுக்கப்பட்டவை, சூத்திரம், அலகு மூன்றையும் எழுதிவிட்டு வரச் சொல்லுங்கள்.

அப்புறம், ஞாயிற்றுக்கிழமைதோறும் பழைய வினாத்தாள் ஒன்றை 3 மணி நேரம் உட்கார்ந்து எழுதட்டும். டிவியை அணைத்துவிட்டு, கடிகாரத்தை எதிரே வைத்துவிடுங்கள். பொதுத்தேர்வில் வினாத்தாள் வாசிக்க 10 நிமிடம் தருவார்கள். வீட்டிலும் அதைக் கொடுங்கள். பேனாவைத் தொடாமல், அந்தப் 10 நிமிடத்தில் கணக்குகள் எங்கே இருக்கின்றன என்று முதலில் தேடட்டும்.