சிரிக்கிற எமோஜி மட்டும்தான் போட்டா

வணக்கம் சார்,

என் பொண்ணு எட்டாவது படிக்கிறா. அவங்க கிளாஸ் பிள்ளைங்களோட வாட்ஸ்அப் குரூப்பை தற்செயலா பாத்தேன். கூடப் படிக்கிற ஒரு பொண்ணோட போட்டோவை ஸ்டிக்கரா மாத்தி, அது திக்கித் திக்கி பேசறதைக் கிண்டல் பண்ணியிருக்காங்க. என் பொண்ணு எதுவும் எழுதல, சிரிக்கிற எமோஜி மட்டும் போட்டிருக்கா. கேட்டா "போடலன்னா அடுத்த ஸ்டிக்கர் நான்தாம்மா"ங்கறா. அந்தப் பொண்ணு ஒரு வாரமா ஸ்கூலுக்கு வரலையாம். சின்னப் பசங்க விளையாட்டு, விட்டுடுங்கறார் வீட்டுக்காரர். விடலாமா?

எஸ்.

அன்புள்ள எஸ்.,

விடக்கூடாதுங்க. ஒரு வாரமா ஸ்கூல் பக்கமே வராத பிள்ளைக்கு இது விளையாட்டா இருக்க வாய்ப்பே இல்ல.

முன்னெல்லாம் கிளாஸ்ல கேலி பண்ணா வீட்டுக்கு வந்ததும் கொஞ்சம் மூச்சு விடலாம், இப்ப அந்தக் கேலி போன்லயே கூட வருது, ராத்திரி பதினோரு மணிக்கும் ஒரு நோட்டிபிகேஷன் வரும், யார் யார் பாத்தாங்க, யார் சேவ் பண்ணி வச்சிருக்காங்க, வேற எந்த குரூப்புக்கு போச்சுன்னு அந்தப் பிள்ளைக்கு எதுவுமே தெரியாது, நாளைக்கு கிளாஸுக்குள்ள போனா எல்லா முகமும் அந்த ஸ்டிக்கரைப் பாத்த முகமாத்தான் தெரியும். தூக்கம் போயிடும். காலைல வயித்துவலி, தலைவலிம்பாங்க, அது நடிப்பு இல்ல, நிஜமாவே வலிக்கும். அப்புறம் பதட்டம், மனச்சோர்வு, தன்மேலயே ஒரு வெறுப்பு, சில பிள்ளைங்களுக்கு செத்துடலாங்கற நினைப்பு வரைக்கும் போகுது. உலக சுகாதார நிறுவனத்தோட ஐரோப்பியப் பிரிவு 2024ல ஒரு அறிக்கை விட்டுச்சு. 11, 13, 15 வயசுப் பிள்ளைங்கள்ல சுமார் ஆறுல ஒருத்தர் இணையக் கேலிக்கு ஆளாகியிருக்காங்கன்னு அதுல இருக்கு.

உங்க பொண்ணு போட்ட எமோஜிக்கு வரேன். பின்லாந்துல கிறிஸ்டினா சால்மிவாலின்னு ஒரு உளவியல் பேராசிரியர், அவங்களும் கூட இருந்தவங்களும் 1996லயே இதை எழுதினாங்க. கேலி பண்றவன், கேலிக்கு ஆளாகுறவன்னு ரெண்டு பேரோட இது முடியறதில்ல, கூட சேர்ந்து செய்யறவங்க, சிரிச்சு ஏத்தி விடறவங்க, ஒதுங்கி நிக்கறவங்க, பரிஞ்சு பேசறவங்கன்னு மொத்த கிளாஸுக்கும் அதுல பங்கு இருக்குன்னு. கிண்டல் பண்ற பையனுக்கு வேண்டியதே அந்தச் சிரிப்புதான், அதுலதான் அவனுக்கு கெத்து. சிரிக்க ஆள் குறைஞ்சா பாதி வேகம் போயிடும். கிவான்னு பின்லாந்து பள்ளிக்கூடங்கள்ல 2009லேந்து நாடு முழுக்க நடத்தற திட்டமே இந்த வேடிக்கை பாக்கறவங்களை மாத்தறதை வச்சுத்தான்.

ஆனா உங்க பொண்ணோட பயம் உண்மையான பயம், அதை "நீ ஏன் கேக்கல"ன்னு திட்டி மூடிடாதீங்க. குரூப்ல எல்லார் முன்னாடியும் சண்டை போடணும்னு அவசியமே இல்ல. போட்ட எமோஜியை எடுத்துட்டு, அந்தப் பொண்ணுக்குத் தனியா ஒரு மெசேஜ், "நான் சிரிச்சது தப்பு, சாரி, நாளைக்கு என் பக்கத்துல உக்காரு" அவ்வளவு போதும். பக்கத்துல நிக்க ஒரே ஒரு ஆள் இருந்தாலும் அந்தப் பிள்ளை தாங்கற விதமே வேற.

தயவுசெஞ்சு போனைப் பிடுங்காதீங்க. பிள்ளைங்க இதையெல்லாம் வீட்டுல சொல்லாம மறைக்கறதுக்கு முக்கியமான காரணங்கள்ல ஒண்ணு போன் போயிடுங்கற பயம், ஒரு தடவை பிடுங்கினா அடுத்த தடவை உங்ககிட்ட வரவே மாட்டா.

நீங்க செய்ய வேண்டியது, குரூப்ல யாராவது அழிக்கறதுக்கு முன்னாடி தேதி, நேரம் தெரியற மாதிரி ஸ்கிரீன்ஷாட் எடுத்து வைங்க, ஆனா யாருக்கும் பார்வர்ட் பண்ணாதீங்க, அது அந்தப் பிள்ளையை இன்னொரு தடவை அவமானப்படுத்தறது. கிளாஸ் டீச்சரை நேர்ல பாத்து காட்டுங்க, உங்க பொண்ணு பேர் வெளில வரக்கூடாதுன்னும் சொல்லுங்க. ரெண்டு பக்கத்தையும் எதிரெதிரா நிக்க வச்சு "சாரி சொல்லு, கை குடு"ன்னு முடிக்கப் பாத்தா ஒத்துக்காதீங்க, கேலிக்கு ஆளான பிள்ளைக்கு அது இன்னொரு தண்டனை. அந்தப் பொண்ணோட அம்மாகிட்டயும் பேசுங்க, பிள்ளை ஏன் ஸ்கூலுக்குப் போகமாட்டேங்குதுன்னு அவங்களுக்கு இன்னும் தெரியாமக்கூட இருக்கலாம். சாகறதைப் பத்தி அது ஒரு வார்த்தை பேசியிருந்தாலும் தனியா விடாம அன்னிக்கே மனநல மருத்துவர்கிட்ட கூட்டிட்டுப் போகச் சொல்லுங்க.

டீச்சர் தட்டிக்கழிச்சா ஹெட்மாஸ்டர்கிட்ட எழுத்துல குடுங்க. என்ன ஆச்சுன்னு எனக்கும் எழுதுங்க.