காசு கொடுத்துப் போகும் விருந்தாளி

கேள்வி: காலாண்டு விடுமுறைக்கு, கன்னியாகுமரி மாவட்டத்துப் பேச்சிப்பாறை அணைப் பக்கம் ஒரு குடும்பம் நடத்தும் மரக்குடிலில் மூன்று இரவுகள் தங்குவதற்கு என் கணவர் முன்பணம் கட்டிவிட்டார். டிவி கிடையாது, ஏசி கிடையாது, கைபேசிக்குச் சிக்னலும் ஒழுங்காகக் கிடைக்காதாம். சமையல் அந்த வீட்டு அம்மாள்தான். எழுபது வயது மாமியார் இப்போதே முணுமுணுக்கிறார். 14 வயது மகன் ஏரியில் நீந்தப்போகிறேன் என்று குதிக்கிறான். “காசு கொடுக்கிறோம், கேட்டதைச் செய்து தரட்டும்” என்கிறார் கணவர். ஒருவர் வீட்டில் போய் எப்படி அதிகாரம் செய்வது என்று எனக்குக் கூச்சமாக இருக்கிறது. போகலாமா, ரத்து செய்துவிடலாமா?
– ஒரு வாசகி, மதுரை

பதில்: அன்புச் சகோதரிக்கு,

போய் வாருங்கள். ரத்து செய்யத் தகுந்த காரணம் ஒன்றே ஒன்றுதான் எனக்குத் தெரிகிறது. அதை முதலில் பார்த்துவிடுவோம். இன்றைக்கே அந்த வீட்டுக்குப் போன் செய்து, கழிப்பறை குடிலுக்குள் இருக்கிறதா, வெளியே இருக்கிறதா, நாற்காலி போல உட்காரும் வகையா என்று கேளுங்கள். சாலையிலிருந்து குடிலுக்கு எத்தனை படி என்றும் கேளுங்கள். எங்கள் மலையோரத்துக்காரர்கள் “இதோ, இங்கேதான்” என்று சொன்னால் அது நாற்பது படி இறக்கமாக இருக்கலாம். பாசி பிடித்த படியில், இரவில், டார்ச் வெளிச்சத்தில் உங்கள் மாமியார் இறங்க வேண்டும் என்றால் முன்பணம் போனால் போகட்டும், வேறு இடம் பாருங்கள். டிவி இல்லை என்பதற்காக ரத்து செய்தால் மட்டும் நான் உங்கள் பக்கம் பேசமாட்டேன்.

அடுத்து, உங்கள் கணவர். அவரைக் குறை சொல்ல எனக்குத் தகுதியில்லை. சில வருடங்களுக்கு முன்பு, குலசேகரத்துக்கு மேலே ஒரு ரப்பர் தோட்டத்து வீட்டில் நானும் அப்படித்தான் தங்கினேன். இரவு பத்தரை மணிக்கு, “ஒரு கட்டன் காப்பி கிடைக்குமா?” என்று வாசலில் நின்று கேட்டேன். அந்த வீட்டு அக்கா முகம் கோணாமல் அடுப்பைப் பற்றவைத்தார். விடியற்காலை நான்கு மணிக்கு நாய் குரைக்கிறதே என்று ஜன்னலைத் திறந்தால், அதே அக்கா தலையில் விளக்கைக் கட்டிக்கொண்டு, கையில் கத்தியோடு ரப்பர் மரங்களுக்கு நடுவே போய்க்கொண்டிருந்தார். வெயில் ஏறுவதற்கு முன்னால் வெட்டினால்தான் பால் நன்றாக வடியும். அதை முடித்துவிட்டு வந்துதான் எங்களுக்குப் புட்டும் பயறும் ஆக்கினார். நான் குடித்த காப்பி அவருடைய ஒரு மணி நேரத் தூக்கம். விலைப்பட்டியலில் அது இல்லை.

விடுதி என்றால் பணியாளர்கள் முறை வைத்து மாறுவார்கள். வீட்டில் மாற ஆள் ஏது? ஆகவே உங்கள் கணவர் கேட்கலாம், நேரம் பார்த்துக் கேட்கலாம். அடுத்த வேளைக்கு என்ன வேண்டும் என்பதை முந்தின வேளையிலேயே சொல்லிவிடுங்கள். உங்களுக்கும் ஒன்று சொல்ல வேண்டும். கூச்சப்பட்டுக்கொண்டு குளியலறையில் தண்ணீர் வரவில்லை என்பதைக்கூடச் சொல்லாமல் இருந்துவிட்டு, ஊருக்குத் திரும்பிய பிறகு குறை பேசாதீர்கள். காசு கொடுத்திருக்கிறீர்கள். சுத்தமான படுக்கை, தண்ணீர், வேளைக்குச் சாப்பாடு ஆகியவற்றைக் கேட்க உங்களுக்கு உரிமை உண்டு. அந்த வீட்டுப் பிள்ளைகளைக் கடைக்கு அனுப்பத்தான் உரிமை இல்லை.

மாமியாரின் முணுமுணுப்பு உண்மையில் சாப்பாட்டு மேசையில்தான் வெடிக்கும் என்று நினைக்கிறேன். எங்கள் மாவட்டத்தில் தாளிப்பு தேங்காய் எண்ணெயில். மீன் குழம்பு என்றால் தேங்காய் அரைத்துத்தான். மரச்சீனிக் கிழங்கு (உங்கள் ஊர் மரவள்ளி) வேகவைத்து வரும், சின்ன வெங்காயக் குழம்பான உள்ளித் தீயல் வரும், சோறு சிவப்பாக, கொட்டை கொட்டையாக இருக்கும். நல்லெண்ணெயில் வளர்ந்த மதுரை நாக்குக்கு முதல் வேளை சோதனைதான். ஒரு சிறிய பாட்டிலில் நல்லெண்ணெயும், அவருக்குப் பிடித்த பொடியும் கொண்டுபோங்கள். அந்த அம்மாளிடம் கொடுத்து, “வயதானவர், இதில் தாளித்துக் கொடுத்தால் போதும்” என்று சொன்னால் தவறாக எடுத்துக்கொள்ள மாட்டார். இரண்டாம் நாள் எங்கள் ஊர் வாழையான மட்டிப்பழம் கையில் வந்ததும் மாமியார் அடங்கிவிடுவார். 2023இல் புவிசார் குறியீடு வாங்கிய பழம் அது. குறியீடு இல்லாத காலத்திலும் அதே ருசிதான்.

இனி மகன். இதில் எனக்கு விட்டுக்கொடுக்கும் எண்ணமே இல்லை: அணை நீரில் இறங்கக் கூடாது. நீங்கள் ஏரி என்று எழுதியிருப்பது 1906இல் கட்டி முடிக்கப்பட்ட அணையின் நீர்த்தேக்கம். கோதையாற்றை மறித்து மலைப் பள்ளத்தாக்கில் தேக்கிய தண்ணீர். கரையிலிருந்து நாலு எட்டு வைத்தால் தரை சட்டென்று சரிந்துவிடும். கன்னிப்பூ, கும்பப்பூ என்ற இரண்டு போக நெல்லுக்குத் தண்ணீர் திறக்கத் திறக்க நீர்மட்டம் மாறும். நேற்றுத் தண்ணீர் நின்ற இடம் இன்றைக்கு முழங்கால் புதையும் சேறு. பையனுக்கு வேறு வேலை கொடுங்கள். அணையின் முழுக் கொள்ளளவு மட்டம் 48 அடி. இன்று எத்தனை அடி என்று உள்ளூர்ப் பத்திரிகையில் நாள்தோறும் போடுவார்கள். அதைப் பார்த்துக் குறித்து வரச் சொல்லுங்கள். அணையைக் கட்டிய மிஞ்சின் என்ற பொறியாளரின் கல்லறை அங்கேயே இருக்கிறது. எங்கள் ஊர்க்காரர்களுக்கு அவர் மூக்கன் துரை. குளித்தே ஆகவேண்டும் என்றால் திற்பரப்பு அருவி இருக்கிறது. ஆனால் அணையில் உபரி நீர் திறந்துவிட்டால் அங்கேயும் குளிக்கத் தடை போட்டுவிடுவார்கள். கிளம்பும் முன் வீட்டுக்காரரிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.

காட்டுக்குள் நீங்களாகவே நடக்கப் போகவேண்டாம். அது வனவிலங்குச் சரணாலயம், அனுமதி வேண்டும். கேரளத்திலிருந்து தமிழ்நாட்டுப் பக்கம் வந்து பிடிபட்ட அரிக்கொம்பன் யானையை 2023 ஜூனில் கொண்டுவந்து விட்டதும் மேல் கோதையாறு பக்கத்துக் காட்டில்தான். அக்கரையிலிருந்து படகில் வரும் காணிப் பழங்குடி மக்களைக் கண்டால், கேட்காமல் கைபேசியைத் தூக்கிப் படம் எடுக்காதீர்கள். அவர்கள் சந்தைக்கோ பள்ளிக்கோ வந்துபோகிறார்கள், உங்களுக்குக் காட்சி தர வரவில்லை.

இந்த மாவட்டத்துக்கு இரண்டு பருவமழையும் உண்டு. நீங்கள் வரும் நேரம் இரண்டுக்கும் இடைப்பட்டது என்றாலும் குடையை மறக்க வேண்டாம். ஈரத்தில் அட்டைப்பூச்சி ஏறும். பிடுங்கி இழுக்காமல், அது கவ்வியிருக்கும் இடத்தில் நகத்தைக் கொடுத்துப் பக்கவாட்டில் தள்ளுங்கள். விட்டுவிடும். மாமியாரின் மாத்திரைகளை இரண்டு நாளைக்குக் கூடுதலாகவே எடுத்துக்கொள்ளுங்கள். நல்ல மருந்துக்கடை என்றால் குலசேகரம் வரவேண்டும்.

கணக்கைக் கடைசி நாள் காலையில் பார்க்காதீர்கள். பால் வெட்டு, சமையல், உங்கள் பஸ் என்று எல்லாம் ஒன்றாகச் சேரும் நேரத்தில் அந்த அம்மாள், “அதெல்லாம் இருக்கட்டும்” என்று கூடுதல் காப்பி, பலகாரத்துக்குக் கணக்கே சொல்லமாட்டார். முந்தின நாள் சாயங்காலம் உட்கார்ந்து கேட்டு, ரொக்கமாகக் கொடுத்துவிடுங்கள். சிக்னல் இல்லாத இடத்தில் கைபேசியில் பணம் அனுப்பும் நாடகம் வேண்டாம். பேரம் பேசுவதாக இருந்தால் இப்போதே, போனில் பேசி முடித்துவிடுங்கள். மதுரையிலிருந்து ஏதாவது கொண்டுவர ஆசைப்பட்டால் மல்லிகை மட்டும் வேண்டாம். தோவாளைப் பூச்சந்தையை வைத்துக்கொண்டிருக்கிற எங்களுக்கே மல்லிகையா? ஒரு சுங்குடிச் சேலை கொண்டுவாருங்கள்.